அட்டன் தொகுதியும் தோட்டத் தொழிலாளர் சங்கமும்

இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் 1931ஆம் ஆண்டு இருவகையாற் குறிப்பிடத்தக்கது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்து அரசாங்க சபைக்கு அங்கத்தவரைத் தெரிவுசெய்த முதலாவது தேர்தல் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. அதே ஆண்டில், மலைநாட்டின் நடுவே அமைந்த அட்டன் நகரில், தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென 'அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம்' என்னும் தொழிற்சங்கத்தைக் கோ. நடேசய்யர் தாபித்தார். ஒன்று அரசாங்கம் கொடுத்த உரிமை. மற்றையது தொழிலாளர் தாமே கூடி அமைத்த கருவி. வடக்கிலே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் அறைகூவலை ஏற்று நான்கு தொகுதிகள் அந்தத் தேர்தலைப் பகிஷ்கரித்து வெறுமையாய்க் கிடந்த காலத்தில், எழுத்தறிவும் நிலமும் இல்லாத ஒரு மக்கட் கூட்டத்தினர் மலையகத்தில் வாக்குச்சீட்டை முதன்முறையாகக் கையில் வாங்கினர் என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. அவ்வாக்கும் அச்சங்கமும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்கின, வாக்குப் பறிபோன பின்னர்ச் சங்கத்துக்கு நேர்ந்தது யாது என்பவை ஆராயத்தக்கன.

தோட்டத்திலே தொழிற்சங்கம் அமைத்தல் பட்டினத்திலே அமைப்பது போன்றதன்று. கொழும்புத் துறைமுகத் தொழிலாளி வேலை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போவான். அவ்வீடு முதலாளிக்கு உரியதன்று. அவன் நடக்கும் தெருவும் பொதுத்தெரு. தோட்டத் தொழிலாளி உறங்கும் லயக்காம்பிரா, அவன் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், அவனுக்கு மருந்து கொடுக்கும் ஆசுப்பத்திரி, கடைத்தெருவுக்கு அவன் இறங்கிப் போகும் பாதை ஆகிய யாவும் தோட்டத்துக்கு உரியன. வேலையிலிருந்து நீக்கிப் 'பத்துச்சீட்டு' கொடுத்துவிட்டால், வேலையோடு வீடும் போயிற்று. சங்கத்தின் பிரசாரகர் ஒருவர் லயத்துக்குள் வந்து பேசினால், அவர் பிறருடைய நிலத்தில் அத்துமீறிப் புகுந்தவராகி நீதிமன்றத்திலே நிறுத்தப்படலாம். ஆகவே கூலியுயர்வைக் கேட்பதற்கு முன்னர், கேட்பவனும் கேட்கும்படி சொல்பவனும் ஒருவரையொருவர் சந்திப்பதற்கே வழி தேட வேண்டியிருந்தது. சங்கத்தின் முதல் இடர்ப்பாடு கூலியன்று, வாயிற் படலையே என்று கூறினும் தவறாகாது.

படலைக்கு உள்ளே நின்ற அதிகாரம் துரை ஒருவருடையது மாத்திரமன்று. துரைக்குக் கீழே கணக்கப்பிள்ளை; அவருக்கு அருகே, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கொண்டுவந்த பெரிய கங்காணி. கங்காணி முற்பணம் கொடுத்துக் குடும்பங்களைக் கூட்டி வந்தார். அந்தக் கடன் தொழிலாளியின் தலையில் ஏறியது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவென்று கங்காணிக்கு ஒரு தொகை கிடைத்தது. அதிகாலையிற் பெரட்டுக்களத்தில் நின்று, மாலையிற் கொழுந்து நிறுக்கும்போது 'முழுப்பேர்' விழுந்ததா 'அரைப்பேர்' விழுந்ததா என்று அறியும் வரையில், ஒருவனுடைய நாட்கூலி கணக்கப்பிள்ளையின் பேனாமுனையிலே தங்கியிருந்தது. இன்னமும் மலைநாட்டிலே ஒருநாட் கூலியைப் 'பேர்' என்று வழங்குவர். 'துண்டு' என்னும் சீட்டு முறையும் ஒருகாலத்தில் இருந்தது. இன்ன தொகையைக் கட்டினால் இவ்வாளை விடுவிக்கலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பதே துண்டு. கடன் கைமாறுவதோடு ஆளும் கைமாறினான்.

துண்டுமுறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1919இல், சேர் பொன்னம்பலம் அருணாசலம் தலைவராகவும் பெரி. சுந்தரம் செயலாளராகவும் நின்று தொழிலாளர் நலன்புரிச் சங்கமொன்றை அமைத்து, இத்தகைய கொடுமைகளை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொணர்ந்தனர். 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏசண்டு ஒருவர் கண்டியிலே தங்கி முறைப்பாடுகளை விசாரித்தார். இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்த 27ஆம் இலக்கச் சட்டம் 1927இல் நிறைவேறியது. 1929 தொடக்கம் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாயின. அரிசியும் புசல் ஒன்று 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படாத விலையிலே கொடுக்கப்பட்டது. இவை யாவும் நல்லனவே. ஆயினும் இவற்றுள் ஒன்றாவது தொழிலாளர் தாமே கூடிநின்று பெற்றதன்று. பெரியோர் சிலர் அவர்களுக்காகப் பேசினர். இரண்டு அரசாங்கங்கள் அவர்களைப் பற்றித் தமக்குள் எழுதிக்கொண்டன. அவர்களோ மனுக்காரராகவே நின்றனர். மேலிருந்து கொடுக்கப்பட்டதை மேலுள்ளோரே குறைத்தலுங் கூடும் என்பது உலகப் பொருளாதார மந்தத்தின்போது தெளிவாயிற்று. தேயிலை விலை வீழ்ந்தது. 1930களின் முற்பகுதியிலே கூலி குறைக்கப்பட்டது. தோட்டங்கள் பல ஆட்களைக் கழித்தன.

இந்த நிலையிலே மலைக்கு ஏறியவர் நடேசய்யர். தஞ்சாவூர்ப் பிரதேசத்தவர், 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளின் ஆசிரியர், 1920களிலே கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உடனிருந்து உழைத்தவர். பின்னர் குணசிங்கா இந்தியத் தொழிலாளருக்கு எதிரான போக்கை மேற்கொள்ளவே, இருவரும் பிரிந்தனர். துணிவியாபாரியின் கோலத்திலே மூட்டையுடன் லயங்களுக்குட் சென்று நடேசய்யர் நிலைமையைக் கண்டறிந்தார் என்று மலைநாட்டார் இன்றுங் கூறுவர். தோட்டத்துப் படலை எத்தகையது என்பதற்கு அவ்வழக்கே சான்று. படலைக்குள் மனிதன் புகமுடியாத இடத்தில் அச்சுத்தாள் புகுந்தது. தொழிலாளர் சம்பந்தமான சட்டங்களை எளிய தமிழிலே அவர் நூலாக்கினார். நோட்டீசு எத்தனை நாள், கூலி எந்தத் தேதிக்குள், கடனுக்காகப் பாத்திரபண்டங்களை மறித்து வைக்கலாமா என்பன போன்ற வினாக்களுக்கு விடை தெரிந்த ஒருவன் ஒரு லயத்தில் இருந்தாற் போதும். மற்றையோர் அவனைச் சூழ்ந்து கொள்வர்.

அச்சுத்தாளையும் வாசிக்க இயலாதவர் பெரும்பாலார். அவர்களுக்குப் பாட்டு வேண்டியிருந்தது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் பலருக்கும் தெரிந்த மெட்டுக்களிலே தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கி, கூட்டங்களிலே தாமே பாடினார். அப்பாடல்கள் சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. கொழுந்தெடுப்போரிற் பெரும்பகுதியினர் பெண்கள். அக்காலத்துச் சங்கங்கள் பலவும் பெண்ணை உறுப்பினர் பட்டியலில் மாத்திரம் கண்டன. மேடையிலே பெண்ணொருத்தி நின்று பெண்களை விளித்தமை இம்மலைநாட்டுச் சங்கத்தின் தனிச்சிறப்பு. வரலாற்று நூல்கள் அவ்வம்மையாருக்கு ஒதுக்கும் இடம் மிகச் சிறிது.

இனி, வாக்குரிமை. டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இற் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, தோட்டத் தொழிலாளர் வாக்காளராவதை விரும்பாத குரல் இரு திசையிலிருந்தும் எழுந்தது. தம் தொழிலாளி தம்மைப்போல் ஒரு வாக்குடையவனாவதைத் தோட்டத் துரைமாரிற் பலர் விரும்பவில்லை. கண்டிச் சிங்களத் தலைவர்களோ, காப்பிக் காலத்திலே காடும் மேய்ச்சல் நிலமும் பறிபோய், அவ்விடத்தில் வந்து குடியேற்றப்பட்டோரின் வாக்கினாலே தம் தொகுதிகளும் கைவிட்டுப் போமென அஞ்சினர். அவ்வச்சத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. ஆயினும் நிலத்தைப் பறித்தவன் வேறு, அந்நிலத்திலே கூலிக்குக் கொழுந்து கிள்ளியவன் வேறு. முடிவிலே நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. இந்நாட்டை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்டல் வேண்டும். அல்லது எழுத்தறிவும் சொத்தும் அல்லது வருமானமும் வேண்டும். அல்லது நிரந்தரமாய்க் குடியிருக்க எண்ணுகின்றமைக்கு அத்தாட்சிப் பத்திரம் பெறல் வேண்டும். 1931இல் ஏறக்குறைய ஓரிலட்சம் இந்தியரே வாக்காளர் இடாப்பிற் சேர்ந்தனர். 1936இல் அத்தொகை ஏறக்குறைய 145,000 ஆயிற்று. 1939இல் 225,000 அளவுக்கு உயர்ந்தது.

இவ்வெண்கள் தாமாக வளர்ந்தனவல்ல. வதிவை நிறுவுவதற்குக் கடதாசி வேண்டும். கடதாசியை நிரப்ப எழுத்தறிந்தவன் வேண்டும். ஆட்சேபனை வந்தால் விசாரணையில் நின்று விடைசொல்ல வேண்டும். கூலிக் கணக்கில் ஒருவனுக்காக வாதாடிய சங்கக்காரனே அவனுடைய பெயரை இடாப்பிலும் ஏற்றக்கூடியவன். பெயரேறியவன் சங்கத்தையும் நாடினான். தேர்தல் வந்தபோது கடைவீதியிற் கூட்டம் கூடுவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. தோட்டத்துக்கு வெளியே, பொதுத்தெருவிலே, ஒரு தோட்டத்தான் அடுத்த தோட்டத்தானைக் கண்டு பேசினான். வாக்களிக்கும் முறையும் எளிது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம்; அந்நிறப் பெட்டியிலே சீட்டைப் போட வேண்டியதே. எழுத்தறியாதவனுக்கும் நிறம் தெரியும். அதனினும் மேலாக, பெட்டி இருந்த மறைவிடத்துக்குள் துரையோ கங்காணியோ நுழைதல் இயலாது. தொழிலாளி தன் வாழ்நாளிலே பிறர் கண் படாமல் ஒரு தீர்மானத்தைச் செய்த முதலிடம் அதுவாகவே இருத்தல் கூடும்.

1931இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றவர் பெரி. சுந்தரம். கேம்பிரிட்ஜிற் கற்ற சட்டத்தரணி. தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகவும் விளங்கினார். அவர் தகுதியிலே குறைவொன்றுமில்லை. தொழிலாளருக்காக 1919 முதல் உழைத்தவர். ஆயினும் கூலி குறைக்கப்பட்ட காலத்திலே தொழில் மந்திரியாயிருத்தல் எவருக்கும் நற்பேறன்று. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அட்டன் வாக்காளர் நடேசய்யரைத் தெரிந்தெடுத்தனர். இடையிலே, 1935இல், தொழிற்சங்கங்களைப் பதிவுசெய்யும் 14ஆம் இலக்கச் சட்டமும் வந்திருந்தது. சங்கத்தை அமைத்தவரே தொகுதியின் பிரதிநிதியுமானார். இதனால் விளைந்த மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது. ஒரு தோட்டத்தில் இருபது பேரைக் காரணமின்றி நீக்கினால், முன்னர் அது அத்தோட்டத்தின் உள்விவகாரம். ஏசண்டுக்கு ஒரு கடிதம் போகும். இப்பொழுதோ, அது மந்திரியிடம் சபையிற் கேட்கத்தக்க கேள்வியாயிற்று. லயத்திற் பேசியது கொழும்பிலே பதிவேட்டில் ஏறிற்று.

ஆனால் ஒரு தொகுதியின் பிரதிநிதி ஒரு வாக்குக்கு மேல் உடையவரல்லர். கிராமச் சபைகளின் தேர்தலிலே இந்தியத் தோட்டத் தொழிலாளர் வாக்களிக்கலாகாது என்று விலக்கும் திருத்தம் 1938இற் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டிலே அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு நின்ற இந்தியர் பலர் நீக்கப்பட்டனர். அது காரணமாகப் பண்டித நேரு இலங்கைக்கு வந்தார். இலங்கை இந்தியர் காங்கிரசு தோன்றியது. 1940இல் அதன் தொழிற்சங்கம் தோட்டங்களிலே பரவத் தொடங்கவே, நடேசய்யரின் சம்மேளனம் மெல்லப் பின்னடைந்தது. அதே காலத்தில் இடதுசாரிச் சங்கமும் தோட்டங்களிலே புகுந்தது. 1940 சனவரி 10ஆம் தேதி ஏவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலியுயர்வு கோரி நடந்த வேலைநிறுத்தத்திலே பொலீசாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். அச்சாவு சபையையே கலக்கியது. தொழிற்சங்கம் என்பதொன்று தோட்டத்தில் உண்டென்பதை ஒப்புக்கொள்ளத் துரைமார் சங்கம் இணங்கிய உடன்படிக்கை அவ்வாண்டிலேயே உண்டாயிற்று.

இவ்விடத்தில் ஒரு குறையையும் கூறாமல் விடலாகாது. சம்மேளனத்தின் பெயரிலும் காங்கிரசின் பெயரிலும் 'இந்திய' என்னும் அடைமொழி நின்றது. அது தோன்றிய காரணம் வெளிப்படை: இந்திய அரசாங்கத்தின் ஏசண்டும், இந்தியக் கூலிச் சட்டமும், இந்தியத் தலைவர்களின் குரலும் தொழிலாளியின் கேடயங்களாயிருந்தன. ஆனால் தொகுதியிலே தோட்டம் மாத்திரம் இல்லை. தோட்டத்து வேலியை அடுத்துச் சிங்களக் கிராமங்கள் இருந்தன. நிலமற்ற வறியோர் அங்கும் உளர். அவர்களிற் சிலர் தோட்டத்திற் கூலிவேலையுஞ் செய்தனர். அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் வழியை மலைநாட்டுச் சங்கம் தேடவில்லை. குணசிங்காவுடன் நேர்ந்த பிளவின் கசப்பு அதற்கு இடங்கொடுக்கவுமில்லை. இடதுசாரிகள் அவ்வழியைத் தேடினர்; அவர்களுக்கோ லயங்களில் ஆட்பலம் போதவில்லை. வாக்குக்கு ஆபத்து வந்த நாளிலே கிராமத்திலிருந்து ஒரு குரலும் எழாமற் போனமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நாள் விரைவிலே வந்தது. 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலிலே மலைநாட்டுத் தமிழர் எழுவர் தெரிவாயினர். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கொல்லையிற் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிற் குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா என அட்டனைச் சூழ்ந்த மலைகள் முழுவதும் தொழிலாளரின் தெரிவே. வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றது. நடேசய்யர் அவ்வாண்டிலேயே காலமானார். அடுத்த ஆண்டிலே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலார் பிரசைகளல்லர் ஆயினர். 1949இல் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் முறையை வகுத்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசையல்லாதாரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. காங்கிரசு முதலில் அவ்விண்ணப்பங்களைப் பகிஷ்கரித்துப் பின்னர் மனம் மாறியது. கொடுக்கப்பட்ட தவணையோ குறுகியது. கழிந்த மாதங்களால் விளைந்த நட்டம் லயத்துக்கே. இறுதியில் ஏறக்குறைய 237,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பேரில், அனுப்பப்பட்டன. ஆண்டுகள் பல விசாரித்தும் பிரசாவுரிமை பெற்றோர் 134,000 அளவினரே. 1952இற் கொழும்பிலே சத்தியாக்கிரகம் நடைபெற்றது. அவ்வாண்டுத் தேர்தலிலே காங்கிரசுக்கு ஒரு ஆசனமும் இல்லை.

வாக்குப் போயிற்று, சங்கம் போகவில்லை. பிரசையல்லாதவனும் தொழிற்சங்கத்தில் அங்கத்தவனாயிருக்கலாம். 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு என்று பெயர் மாறிய அமைப்பு, 'இந்திய' என்னும் அடைமொழியைக் கைவிட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் மலைநாட்டிற் சங்கத்தின் வேலை கூலியோடு நின்றதன்று. பிறப்புப் பத்திரம், பிரசாவுரிமை விண்ணப்பம், பொலீசில் ஒரு முறைப்பாடு, ஆசுப்பத்திரியில் ஓரிடம் என்பவற்றுக்கும் தொழிலாளி சங்கக் காரியாலயத்தையே நாடினான். வேறிடங்களிற் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கிராமச் சங்கத்திடமும் போகும் அலுவல் யாவும் அங்கே வந்தன. மாதச் சந்தாவே அவனுக்கு வாக்குச்சீட்டாயிற்று. இதனாற் சங்கம் பெருத்தது. ஆனால் பெருத்த சங்கத்தை மாற்றக்கூடிய தேர்தல் தொழிலாளியிடம் இல்லை. 1956இல் அசீசு பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தது முதல், சங்கங்கள் தோட்டங்களிலே ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. தலைமை பெரும்பாலும் தோட்டமுடையோர், வணிகர், கங்காணி குடும்பத்தார் என்போரிடமே இருந்தது. தொண்டமானே வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளர். அதுபற்றி அவரைக் குறைகூறுவோர் உளர். தோட்டத்து நிலத்தைத் தனதாக உடையவன் ஒருவனே துரைமாருடன் அஞ்சாது பேசக்கூடியவனாய் இருந்தான் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1964இற் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட முனைந்தது: 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்று. வருடக்கணக்காகக் குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. 1977இல் மூவர் தெரிவாகும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலே தொண்டமான் மூன்றாமவராய் வென்றார்; முப்பது ஆண்டுகளின் பின்னர் மலைநாட்டுத் தொழிலாளரின் வாக்கினாலே ஒருவர் பாராளுமன்றம் புகுந்தார். 1984இல், அவர் மந்திரியாய் இருக்கும்போதே, தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. 54 சதம், 43 சதம் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே சட்டம் எழுதிவைத்த வேறுபாடு அவ்வேலைநிறுத்தத்தின் பயனாகவே நீங்கியது. வாக்கும் சங்கமும் மீண்டும் ஒருங்கே கைகூடியபோது கிடைத்த முதற்பயன் பெண்ணின் கூலியாயிருந்தமை கவனிக்கத்தக்கது.

நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் எதிர்ப்பின்றி நிறைவேறியது. ஆயினும் 1938இற் கிராமச் சபையின் வாயிலிலே இடப்பட்ட தடை உருமாறி நெடுநாள் வாழ்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ், தோட்டத்துப் பாதையைச் செப்பனிடவோ லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் இழுக்கவோ பிரதேச சபை தன் பணத்தைச் செலவிடுதற்குத் தடையிருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதே காரணம். அச்சபைக்கு வாக்களித்து உறுப்பினரை அனுப்பியவர்கள் அந்த லயங்களில் இருந்தவர்களே. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018ஆம் ஆண்டிலேதான் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.